சாவிக்கு ஒரு ராகம்

மனிதன் குரங்கிலிருந்து பிரிந்தது வாலை இழந்த அன்று அல்ல. இழுக்காமல் பேசக் கற்ற அன்றுதான். சைதாப்பேட்டை மூன்றாவது மாடி அறையில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இதை உலகுக்கு அறிவித்தவன் எம்.ஏ. தமிழ் படிக்கும் அறிவு. உலகம் என்பது அப்போது அறைத்தோழன் யாசிர் மட்டும்தான்.

யாசிருக்குத் தி. நகர் செல்போன் கடையில் வேலை. கீழே இருக்கும் கேட்டுக்கு வீட்டுக்காரர் ஒரே சாவிதான் கொடுத்திருந்தார். முதலில் வந்தவன் பூட்டிக்கொண்டு மேலே போய்விடுவான். பின்னால் வருபவன் தெருவில் நின்று குரல் கொடுத்தால், சாவி மஞ்சப்பையில் கயிறு வழியாக இறங்கும். அறிவு எப்போதும் முதலில் வந்துவிடுவான். ஆகவே தினமும் தெரு கேட்டது யாசிரின் குரலைத்தான்.

"மச்சீ... சா...ஆ...வீ!"

நடுவில் ஏறி, கடைசியில் வழுக்கி இறங்கும்.

"இன்னாடா ராகம் போடற? எதிர்வீட்டு நாய்கூட சுருதி சேக்குது," என்பான் அறிவு, பையைப் பாதியில் நிறுத்திவைத்து. "ராகம்னா இன்னா தெரியுமா? வடமொழில மொதல்ல சாயம். துணிக்கு ஏத்துற சாயம். அப்பால ஆசை, பற்று. கடைசிலதான் பாட்டு. நீ கத்துறது எதுலயும் வராது."

"சாயமோ பாயாவோ, பசிக்குது. பைய எறக்கு நைனா!"

போன மாதம் யாசிரின் அக்கா புருஷன் துபாய் போனார். அக்காவுக்குத் துணையாக யாசிர் அசோக் நகருக்குப் போய்விட்டான். சாவி அறிவின் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அறையில் இப்போது யாரும் இழுத்துப் பேசுவதில்லை. பேசுவதே இல்லை.

நேற்று கல்லூரியிலிருந்து வரும் வழியில் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாடா என்று கூப்பிடுவதுதான் திட்டம்.

"சொல்லு மச்சி. கஸ்டமர் கீறாரு."

தட்டையான குரல். அறிவு இத்தனை நாள் வலியுறுத்தியபடியே, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ஒண்ணுமில்ல. உன் சோப்பு டப்பா இங்கயே கீது."

"நீயே வச்சிக்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

வீட்டு வாசலில் பூட்டுக்குள் சாவியை நுழைத்த அறிவு, திருப்பவில்லை. மேலே பால்கனிக் கம்பியில் கயிறும் மஞ்சப்பையும் அப்படியே தொங்கின. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மச்சீ... சாவி."

சரியாக வரவில்லை. நடுவில் ஏறவேண்டும். இன்னொரு முறை, கொஞ்சம் இழுத்து.

எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கியது. அறிவு மஞ்சப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.