வற்றம் பார்த்து வந்தவர்

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வரும் நேரத்தை நான்தான் குறித்துக் கொடுத்தேன். ஜோசியம் இல்லை, காயலின் ஏற்ற இறக்கக் கணக்கு. விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், விடியலிலும் சாயங்காலமும் காயல் வீட்டுக்குள் வரும். உச்சிவேளையில் வற்றம், தண்ணீர் இறங்கிக் கிடக்கும். ஷிபின் அண்ணனுக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் தண்ணீரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டன.

பெண் ஸ்மிஜாவின் தாய்மாமன் சுகுணன் மட்டும் வந்தார். செருப்பைக் கழற்றி, வாசலில் விடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார். நாய் கவ்விவிடும் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உட்காருவதற்கு முன்பே சுவரை விரலால் அழுத்தினார்.

“புதுப் பெயின்ட்டா?”

“கல்யாண வீடாச்சே,” என்றாள் அம்மா.

“இடுப்பு வரைக்கும்தான் கல்யாணமா?”

உப்பு, தண்ணீரைவிட உயரமாகச் சுவரில் ஏறும். மறைக்க அவ்வளவு பெயின்ட்தான் எங்களிடம் இருந்தது.

அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். “ஃப்ரிட்ஜ் ஏன் செங்கல் மேல ஏறி நிக்குது?”

“எலித் தொல்லை.”

“உங்க ஊர் எலிக்குக் குதிக்கத் தெரியாதா, சேச்சி?”

சாயாவும் பழம்பொரியும் கொடுத்தோம். சாப்பிட்டார், கிளம்பவில்லை. சோறும் உண்டார். வெயில் சாய்ந்த பிறகு இன்னொரு சாயா கேட்டார். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்கடி. தண்ணி ஏறுற வரைக்கும் நகர மாட்டான்.”

எனக்கும் அதே சந்தேகம். அடுக்களை மூலையில் தரை வியர்க்கத் தொடங்கியிருந்தது. சாக்கைப் போட்டு மூடினேன். சாக்கும் நனைந்தது.

நான் சாயாவோடு கூடத்துக்கு வந்தபோது, அண்ணனிடம் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல், அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். தரையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முதல் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது.

ஜன்னலிலிருந்த செருப்பைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் யாரும் செருப்பைத் தரையில் விடுவதில்லை.

“நாங்க பொண்ணு பார்க்க வந்தப்ப, உச்சிவேளைதான் நல்ல நேரம்னு சொன்னது நீங்கதானே, மாமா?”

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.  தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

“உங்க வீட்டுல எதுவரைக்கும் ஏறும்?” என்றான் அண்ணன்.

“முட்டி வரைக்கும்.” சாயாவை ஒரு வாய் குடித்தார். “தண்ணி வராத வீடாப் பாருங்க மாமான்னு ஸ்மிஜா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.”

அண்ணன் தலை குனிந்தான். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் எழுந்து, தண்ணீரைக் கலக்காமல் நடந்து அடுக்களைக்குப் போனார். அடுப்புமேடை முன்னால் நின்று, தன் கால் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்.

“அடுப்புகிட்ட நிக்கிற இடத்தையாவது ஒரு அடி ஒசத்து, மோனே,” என்றார் அண்ணனிடம். “அப்புறம் அவளே வந்து பார்த்துச் சொல்லட்டும். சாயங்காலமா.”