பச்சைப் பட்டை

என் தலையில் இப்போது அடர்த்தியாக முடி இருக்கிறது. பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒரு நாள் கேட்காமலே கைவைத்துத் தடவிப் பார்த்து, "சொந்த முடி மாதிரியே இருக்கு சார்" என்றார். கழிப்பறைக்குப் போய்த் தலையில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

நானும் அண்ணனும் இரட்டையர். அவன் ஏழு நிமிடம் மூத்தவன். "முன்னாடி வந்து உனக்கு இடம் துடைச்சு வச்சவன்டா நான்" என்று நாற்பது வயதிலும் சொல்வான். இருவருக்கும் ஒரே வருடம், ஒரே இடத்தில் வழுக்கை விழுந்தது. அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பின்னால் நின்று, நிலைக்கண்ணாடியில் சரிபார்க்க வேண்டும். "அவங்க மூஞ்சிக்கு மேல நிலா உதிச்ச மாதிரி என் தலை தெரியும்டா" என்று சிரிப்பான். அவனுக்கு அது சிரிப்பு. எனக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து, படத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். முடிப் பைத்தியம் எனக்குத்தான். அவனையும் நான்தான் இழுத்துப் போனேன்.

முடி நடும் அந்த மருத்துவமனையில் ஆலோசகர் அம்மாள் எங்களைப் பார்த்ததும் கைதட்டாத குறை.

"ஒருத்தருக்கு மெஷின், ஒருத்தருக்குக் கை. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு தலையையும் பக்கத்துல வச்சுப் படம் எடுப்போம். உங்களுக்கு எல்லாமே இலவசம். ஆனா ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் விலகினா இன்னொருத்தருக்கும் கிடையாது."

இரண்டிலும் பின்னந்தலையிலிருந்து வேரோடு முடியைத் தோண்டி முன்னால் நடுவதுதான் வேலை. மெஷின் என்றால் ரோபோக் கை தோண்டும். அதற்குக் களைப்பு கிடையாது. கை என்றால் பேனா போன்ற ஒரு கருவியால் ஆள் தோண்டுவார். அவருக்கு முடியின் சாய்மானம் தெரியும். "கைவேலைக்குத் தனி அழகு உண்டு சார்" என்றார் ஆலோசகர்.

எங்கள் வீட்டில் அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. எதுவானாலும் ஒருவன் பங்கு வைக்க வேண்டும், மற்றவன் எடுக்க வேண்டும். எடுத்த பங்கை மாற்றக் கூடாது. அண்ணன்தான் எப்போதும் வைப்பவன்.

"வழக்கப்படி நீ எடுடா சின்னவனே."

நான் கைமுறையை எடுத்தேன். மிஞ்சிய மெஷினை அவன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு, கடை முழுக்க, "ரோபோ வந்து என் தலையில நாத்து நடப்போகுது" என்று தம்பட்டம் அடித்தான்.

முடி நடும் நாள் காலையில் இருவர் தலையையும் மழித்து, டாக்டர் ஊதா மையால் நெற்றியில் கோடு போட்டார். என் மணிக்கட்டில் நீல ரப்பர்ப் பட்டை, கைமுறைக்கு. அவனுக்குப் பச்சை, மெஷினுக்கு. அவன் ஒன்றுக்குப் போயிருந்தபோது நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கைமுறை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் இல்லை. அங்கி போட்ட ஒருவன் மட்டும் வேறு யாருடைய தலையிலோ நட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஈரத் துணியின்மேல் ரத்தம் ஒட்டிய வேர்கள், பேன்கூட்டம் போல. கை தட்டி அதில் ஒரு கொத்து தரையில் விழுந்தது. அவன் செருப்புக்குப் பக்கத்தில். அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, இடுக்கியால் பொறுக்கி, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அந்தத் தலையிலேயே நட்டான். பிறகு கையுறை போட்ட விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், பட்டையை மாத்திக்கலாமா?"

"எடுத்த பங்கை மாத்தினா அம்மா எந்திரிச்சு வந்து அடிக்கும்."

"எனக்கு ஊசின்னா பயம்டா. மெஷின்னா சீக்கிரம் முடிஞ்சிடுமாம்."

"தொடைநடுங்கி. ஊர்பூரா ரோபோ ரோபோன்னு சொல்லி வச்சிருக்கேனேடா!" சொல்லிக்கொண்டே பட்டையை உருவிவிட்டான். "இந்தா. வெளியில மூச்சு விடாத. உங்க அண்ணிகிட்டகூட நான் ரோபோன்னுதான் சொல்லப்போறேன். மானம் போயிடும்."

கண்டதை அவனிடம் சொல்லியிருந்தால், என்னையும் இழுத்துக்கொண்டு வெளியேறியிருப்பான். எனக்கு முடி கிடைத்திருக்காது. அதுதான் காரணம். இதைவிடக் கொஞ்சம் சுத்தமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பல நாள் தேடினேன். இல்லை.

நான்காம் நாள் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. தொப்பியைக் கழட்ட விடமாட்டேங்கிறார். நாத்தம் தாங்க முடியலை."

வாசலிலேயே அந்த வாடை வந்தது, பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. அண்ணன் தொப்பியைக் கழற்றியபோது துணியோடு ஏதோ பிரிந்து வந்தது. நெற்றியில் மஞ்சளாக ஒழுகியது. நட்ட முடிகள் சீழில் நின்றன.

"நாத்து நல்லா புடிச்சிருக்காடா?" என்றான்.

நான் பால்கனிக்குப் போய் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "பொருக்கு எல்லாருக்கும் வர்றதுதான் சார். மென்மையா கழுவச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர். என் தலையில் இருந்த பொருக்கு கடுகு போலக் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வித்தியாசம் எனக்குத் தெரியும். உள்ளே வந்து அண்ணியிடம், "எல்லாருக்கும் வர்றதுதானாம்" என்றேன்.

மூன்று நாள் கழித்துக் குளிர்சுரம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நினைவு தப்புவதற்கு முன் அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது: "உனக்கு எப்படிடா, முளைக்குதா?" பதினோராம் நாள் போய்விட்டான்.

நான்காவது மாதம் அண்ணி நியாயம் கேட்கப் புறப்பட்டாள். துணைக்கு நான். ஆலோசகர் கோப்பைத் திறந்து விரலால் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பச்சைப் பட்டை மேடம். மெஷின். அன்னிக்கு அந்த அறையில வேற நாலு பேருக்குப் பண்ணினோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கைமுறையில பண்ணிக்கிட்டவர் இதோ, நல்லாத்தானே உக்காந்திருக்கார்? வீட்டுல தலையணை உறை எல்லாம் சுத்தமா இருந்துச்சா?"

பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்கு முளைக்க ஆரம்பிச்சிடுச்சே! ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றார்.

அண்ணி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"உறையை ரெண்டு நாள் மாத்தலை தம்பி. அவருக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி. எனக்கு உடம்பு முடியலை. அதனாலதான் போயிட்டாரா?"

இவ்வளவு நாளும் அவள் அதைத்தான் தூக்கிச் சுமந்திருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், சாகும்வரை அவள்தான் கொன்றவள்.

"பட்டையை மாத்திக்கிட்டோம் அண்ணி" என்றேன். "கைமுறை அறைக்குள்ள போனது அண்ணன். நான்தான் அனுப்பினேன்." தரையில் விழுந்த வேரையும், கிண்ணத்துத் தண்ணீரையும், மூக்கைத் தேய்த்த விரலையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஆலோசகர் கோப்பை மூடிவிட்டு, "பட்டையை மாத்தினது உங்க தப்பு சார், எங்களைச் சொல்லக் கூடாது" என்று அவசரமாகச் சொன்னார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை.

திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலே, புதிதாகக் கருத்துக் கிளம்பியிருந்த முளைகளைப் பார்த்தாள். பாதி தின்ற சோற்றில் முடி கிடந்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. பிறகு புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.