இனிக் கட் ஆகாது

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகப் போயிருக்க வேண்டியது. பிறந்த இடத்தை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஒரு தொலைபேசிக் கம்பனி (பெயர் வேண்டாம், அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை) மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில் புது டவர்கள் போட்டது. அவர்களுக்கு விளம்பரம் செய்துகொடுக்கும் காத்தான்குடி நண்பர் றுஸ்தி என்னைக் கூப்பிட்டார். "வாடிக்கையாளர் அனுபவம் எண்டு சின்னச் சின்னதாக் கொஞ்சம் வேணும் சேர். சந்தோசமா இரிக்கோணும்."

மண்டூருக்குப் போனேன். சந்தோசம் தாராளமாகக் கிடைத்தது. வாவியின் நடுவில் தோணியில் இருந்தபடியே மீன் வியாபாரியோடு பேரம் பேசுகிறவர், டோஹாவில் இருக்கும் கணவன் தாடி வளர்த்திருப்பதை முதன்முதலாகப் பார்த்துத் திட்டித் தீர்த்த பெண், எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். கடைசியாகத் துறையடியில், அக்கரைக்குப் போகப் பாதைக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். (ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்பார்கள்.) "இப்ப லைன் எப்படி அக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "முந்தித்தான் தம்பி நல்லா இரிந்திச்சு. கட் ஆகும்," என்றார்.

பாதை வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்த வசனத்தை றுஸ்தி வெட்டிவிட்டார். அவருடைய வேலை அது. என்னால் வெட்ட முடியவில்லை. இனி வருவதெல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு நான் தேடிய காரணம்தான். அன்னப்பூரணி என்ற பெயர் நான் வைத்தது. அவரை 'அவள்' ஆக்கியதும் நான்தான்.

2

முதல் ஆரம்பம்: "வாவிக் காற்று அன்று" – விட்டுவிட்டேன். காற்றில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

அடுத்தது: "அன்னப்பூரணி தன் தங்கைக்கு ஒரு துரோகம் செய்தாள்." இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே அவளைக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. அதனால் சிக்னலில் தொடங்குகிறேன்.

3

புது டவர் வருவதற்கு முன், அன்னப்பூரணியின் வீட்டுப் பக்கத்தில் யாருக்காவது போனில் பேச வேண்டுமானால் துறையடிக்கு வர வேண்டும். அக்கரையில், குருமண்வெளிப் பக்கம் நின்ற டவரின் சிக்னல் தண்ணீரைத் தாண்டி அவ்வளவு தூரம்தான் எட்டும். அதுவும் வரும், போகும்.

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை எழுத ஆசை. கலியாண வீட்டுக்குப் போக விருப்பமில்லாதவன், வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லக் கூசியவள், பெண்சாதி வீட்டாரோடு பேசப் பிடிக்காதவன், எல்லோருக்கும் "லைன் கிடைக்கல்ல" என்ற ஒரே குடை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாருக்கும் மனம் நோகாது. கட்டுரை போதும்.)

அன்னப்பூரணிக்கு ஒரே ஒரு தங்கை, யசோதினி. குவைத்தில் வீட்டுவேலை. வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவாள், அக்கா துறையடியில் வந்து நிற்பாள். அவர்களுடைய தாய் பாயில் விழுந்து கிடந்த காலம் முழுவதும் கழுவி, துடைத்து, ஊட்டியது அன்னப்பூரணி. ஆனால் தாய் கூப்பிட்டது யசோவை. கடைசிக் காலத்தில், கஞ்சி ஊட்டுகிற கையையே பிடித்துக்கொண்டு, "யசோ, எப்ப புள்ள வந்த?" என்று கேட்பாள். அன்னப்பூரணி முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு, "இப்பதாம்மா வந்த நான்," என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் தாய் செத்துப்போனாள். அன்னப்பூரணி துறையடிக்குப் போய்த் தங்கைக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள்.

தாய்மாமன் நல்லரத்தினம் முற்றத்தில் நின்று சொன்னார். "சின்னவள் வாறாளா எண்டு கேட்டுட்டு வா புள்ள. வாறதெண்டா நாளைவரைக்கும் வச்சிருப்பம். நீ சொல்றதுதான்."

அவள் மறுபடியும் துறையடிக்கு ஓடினாள். லைன் கிடைத்தது. அவளுக்கு அதுவரை கிடைத்ததிலேயே தெளிவான லைன்.

"அக்கா! மெடம் லீவு தந்திட்டா. டிக்கட்டும் போடுறாங்க. நாளைக்குப் பின்னேரம் வந்திருவன். அம்மாவ எடுத்திராதீங்க அக்கா, எனக்கு ஒருக்கா மொகத்தப் பாக்கோணும். கேக்குதா அக்கா?"

"ஹலோ… ஹலோ… கேக்கல்ல யசோ… ஹலோ…" என்றாள் அன்னப்பூரணி. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். போனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"லைன் கிடைக்கல்ல மாமா."

"அப்ப எடுப்பம்," என்றார் நல்லரத்தினம். அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள்.

4

ஏன் அப்படிச் செய்தாள்?

இந்த இடத்தில் கதை என்னோடு சண்டைக்கு வந்தது. முதல் பிரதியில் மழை போட்டேன். வாவி பெருகி, உடலை வைத்திருக்க முடியாமல் – அடித்துவிட்டேன். அவளைக் காப்பாற்றுவதற்காக நான் பெய்யவைத்த மழை அது. பிறகு சொந்தக்காரர்களை அவசரப்படுத்த வைத்தேன். அதுவும் பொய். நல்லரத்தினம் முடிவை அவளிடமே அல்லவா விட்டார்!

மிஞ்சியது இதுதான். யசோதினி வந்தால் அந்தச் சாவீடு யசோதினியுடையதாகிவிடும். விமானத்தில் வந்து இறங்கி விழுந்து அழுகிறவளைத்தான் ஊர் தாங்கிப் பிடிக்கும். பீயும் மூத்திரமும் அள்ளியவள் அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். அம்மாவின் கடைசி நாளாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். ஒரு நிமிடம்தான் நினைத்தாள். அந்த நிமிடத்தில் போன் கையில் இருந்தது.

(இதை எழுதியபின், துறையடியில் கண்ட அந்தப் பெண்ணை நினைத்துக் கூசினேன். அவருக்குத் தொணதொணக்கும் சம்பந்தி ஒருத்தி இருந்திருக்கலாம், விசயம் அவ்வளவுதானாக இருக்கலாம். ஒரு வசனம் பேசிய பாவத்துக்கு அவர் தலையில் ஒரு சாவீட்டையே கட்டிவிட்டேன்.)

5

பொழுதுபட அன்னப்பூரணியே துறையடிக்கு வந்து போனைத் திறந்து செய்தி சொன்னாள். "உன்ட லைன் கிடைக்கல்ல புள்ள. எடுத்தாச்சு." யசோதினி பயணத்தை விட்டுவிட்டாள். அம்மாவின் முகம் இல்லாத வீட்டுக்கு எதற்காக வருவது?

ஆனால் வெள்ளிக்கிழமை அழைப்புகள் நிற்கவில்லை. வேளாண்மை எப்படி, கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தது, யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எல்லாம் பேசுவார்கள். பேசி முடிந்ததும் ஒரு மௌனம் வரும். பிறகு தங்கை கேட்பாள்.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

அந்த இடத்தில் லைன் கட் ஆகும். சில நாட்கள் தானாகவே கட் ஆகும்.* மற்ற நாட்களில் அன்னப்பூரணியின் பெருவிரல் அந்த வேலையைச் செய்யும். அடுத்த வெள்ளி, "சிக்னல் போயிட்டு புள்ள," என்பாள். "உங்கட இடம் எனக்குத் தெரியாதா அக்கா," என்பாள் தங்கை. பிறகு இருவரும் வேளாண்மையைப் பற்றிப் பேசுவார்கள்.

* இது நான் கொடுத்த சலுகை. தானாகக் கட் ஆன நாட்களும் இருந்தன என்று எழுதினால்தான் என்னால் அவளோடு தொடர்ந்து நடக்க முடிகிறது.

6

பிறகு டவர் வந்தது. கோயிலடியில் கம்பனிக்காரர் கூடாரம் போட்டு, பழைய சிம்மை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்தார்கள். யசோதினி ஆள்வசம் அனுப்பியிருந்த புதுப் போனில் சிம்மைப் போட்டுக் கொடுத்தவர் சிவதர்ஷன் என்ற கம்பனி ஊழியர்.

"இனி வீட்டுக்குள்ள இருந்தே மொகத்தப் பாத்துப் பேசலாம் அன்ரி. கட் ஆகாது."

"மழைக்கும் ஆகாதா?"

"ஆகாது."

"ஒருக்காலும்?"

"இனி ஒருக்காலும் கட் ஆகாது அன்ரி." பாவம், அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

நான் நினைத்தால் அந்த டவரை ஒரே வரியில் சாய்க்கலாம். "அன்று மாலை இடி விழுந்து" – எழுதினேன், அடித்தேன். இடி விழுந்தாலும் ஆட்களை அனுப்பித் திருத்திவிடுவார்கள். கம்பனிக்காரர் கெட்டிக்காரர்கள்.

7

வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் சிக்னல் நிறைந்து கிடந்தும் அன்னப்பூரணி பழக்கதோசத்தில் துறையடிக்கே வந்தாள். முன்பெல்லாம் போனும் காதுமாக ஆட்கள் நிற்கும் இடம், இப்போது அவள் மட்டும்தான் நின்றாள்.

வீடியோவில் யசோதினியின் முகம் வந்தது. தலை நரைத்திருந்தது. கன்னம் அப்படியே அம்மாவின் கன்னம். அன்னப்பூரணிக்கு ஒரு கணம் யாரைப் பார்க்கிறோம் என்று விளங்கவில்லை.

"நரைச்சிப் போனாய் புள்ள."

"நீங்களும்தான் அக்கா."

கத்திப் பேசத் தேவையில்லை என்றாலும் இருவரும் கத்தியே பேசினார்கள். பேச்சு முடிந்தது. அந்த மௌனம் வந்தது. முன்பு என்றால் "ஹலோ, ஹலோ" என்று அதை நிரப்பிவிடலாம். இப்போது குவைத்தில் ஒரு குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

"இப்ப லைன் நல்லா இரிக்குத்தானே அக்கா?"

"ஓம்."

"அப்ப கேக்கிறன். அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

[இங்கே இரண்டு வழிகள் வைத்திருந்தேன். "இல்ல" என்று சொல்ல வைக்கலாம். தங்கை நம்பியதுபோல் இருப்பாள், வெள்ளிக்கிழமைகள் ஓடும். இல்லையென்றால் போனை வாவிக்குள் நழுவ விடலாம். புதுப் போன், எனக்கே மனம் வரவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயைத் திறந்துவிட்டாள்.]

பெருவிரல் சிவப்புப் பொத்தான்வரை போய்த் திரும்பி வந்தது.

"கேட்டது யசோ. எல்லாம் கேட்டது. நான்தான் –"

திரையில் யசோதினியின் முகம் அசையாமல் நின்றது. பிறகு உதடுகள் அசைந்தன.

"ஹலோ… ஹலோ… கேக்கல்ல அக்கா… ஹலோ…"

அழைப்பு முடிந்துவிட்டது.

8

அன்னப்பூரணியின் பக்கம் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. குவைத்தில், அந்தக் குழாயடியில் எப்படியோ, எனக்குத் தெரியாது. லைன் உண்மையாகவே போயிருக்கலாம். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் அது பழி, அக்கா கொடுத்ததைச் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றில் அது மன்னிப்பு: எனக்குக் கேட்கவில்லை என்றே இருக்கட்டும், நீங்கள் இனிச் சொல்ல வேண்டாம் அக்கா. இரண்டிலும் அவள் சொல்வது ஒரே வார்த்தைகள். அவற்றை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை, அதுதான் என் வருத்தம். அன்னப்பூரணியை அந்தப் பழைய லைனோடு அப்படியே விட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. லைன் மோசமாக இருந்தபோது அவளுக்கு ஒரு தங்கையாவது இருந்தாள்.

பாதை அக்கரையிலிருந்து வந்து கரையில் முட்டியது. "வாறீங்களா கா?" என்று பாதைக்காரர் கேட்டார். அன்னப்பூரணி இல்லை என்று தலையாட்டினாள். திரையில் தங்கையின் பெயர் இருந்தது. அதைத் தொட்டால் போதும். ஆனால் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்வதற்கு இன்னும் பெரிய துணிவு வேண்டும். அவள் கூப்பிடவில்லை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.

முடிவு என்னிடம் இல்லை. "கேக்கல்ல" என்று உங்களிடமும் யாராவது ஒருநாள் சொல்லியிருப்பார்கள். அதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்களோ, அப்படியே இவளுக்கும் முடித்து வையுங்கள். வருகிற வெள்ளிக்கிழமையும் அவள் துறையடிக்கு வருவாள். அதுவரைதான் எனக்குத் தெரியும்.