சுவரைச் சொல்லாமல் போனவர்கள்

திருப்பதி, 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை.

சித்தூரில், கட்டமஞ்சி ஏரிக்குப் பின்புறத் தெருவில் ஒரு கல்வீடு இருக்கிறது. அதன் நடுச்சுவர் விழும் நிலையில் உள்ளது. அச்சுவரை ஒட்டிய அறையில் கன்னிகா என்னும் பெண்மணி தனியே உறங்குகிறார். எனக்கு முன்னர் அவ்வீட்டை விலைக்குக் கேட்டு வந்த மூவர், சுவரின் நிலையை நன்கு அறிந்த பின்னும், அதை அவரிடம் சொல்லாமல் போனார்கள். இதுவே என் முறையீடு. இனி எழுதுவதெல்லாம் இதற்கு விளக்கம்.

என் பெயர் ஸௌரிராஜன். சித்தூர் மாவட்டத்தின் எல்லையோரப் பள்ளிகளில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பின், என் மகன் வேங்கடேஷ் திருப்பதியில் வாங்கிவைத்த அடுக்ககத்தின் நான்காம் மாடியில் வசிக்கிறேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். இவ்வடுக்ககத்தில் பாதிப்பேர் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறார்கள். மீதி வீடுகள் திருமலைக்கு வரும் யாத்திரிகர்களுக்கு நாள்வாடகைக்கு விடப்படுகின்றன. நேற்று மின்தூக்கியில் வணக்கம் சொன்னவர் இன்று இருப்பதில்லை. அழைப்புமணி ஒலித்தால், அது எதிர்வீட்டுக்கு வந்த பொட்டலம். அதை வாங்கி வைத்து மாலையில் ஒப்படைப்பதுதான் எனக்கு இங்குள்ள அக்கம்பக்கம், உறவு எல்லாம். மாலையில் பால் வாங்கும்போது சில நாள்களில் என் குரல் கரகரக்கும். அன்றைக்கு நான் பேசும் முதற்சொல் அதுவாக இருக்கும்.

ஆகவே தரையில் ஒரு வீடு வேண்டும் என்று முடிவு செய்தேன். சித்தூரில் வீடு மனை விற்றுக்கொடுக்கும் ரங்கையா என்பவர் என்னை அக்கல்வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

கன்னிகாவின் கணவர் ஆதிநாராயணன் மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவராம். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை விற்கக் கன்னிகா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வாங்குபவர் முன்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். பின்னறையில் தம் ஆயுள்வரை அவர் இருப்பார்.

"அந்த கண்டிஷனுக்குத்தான் பார்ட்டி எல்லாம் ஓடறாங்க சாரு," என்று ரங்கையா வழியிலேயே என்னிடம் முணுமுணுத்தார். "வாங்கினப்புறம் மெல்ல பேசி அனுப்பிக்கலாம், டோன்ட் வரி."

நான் முன்னறையில் அமர்ந்திருந்தேன். சுவருக்கு அப்பால் கன்னிகா காபி கலந்துகொண்டிருந்தார். டம்ளரை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. குழாயைத் திருகி மூடும் ஓசை கேட்டது. பிறகு அவர் ஒருமுறை இருமினார். ரங்கையா இடையூறு என்று சொன்னதை நான் அவ்வாறு எண்ணவில்லை. அந்த இருமலைக் கேட்டபோதே இவ்வீட்டை வாங்குவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

காபியைக் கொடுத்துவிட்டு அவர், "மொதல்லியே சொல்லிட்றேன் அய்வாரே," என்றார். ஆசிரியர்களை இம்மாவட்டத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். "வாஸ்து பாக்கறதுன்னா இப்பவே பாத்துக்கோங்க. மொத வந்தவரு வாஸ்து சரியில்லைன்னாரு. நடுச்செவுத்துல தோ அந்த வாசலு வெச்சேன். ரெண்டாவது வந்தவங்களும் அதையே சொன்னாங்க. இந்தாண்ட ஒண்ணு தொறந்தேன். மூணாவது ஆளு சுத்திப் பாத்துட்டு, 'இன்னும் ஒத்துவரலம்மா'ன்னு பூட்டாரு. இந்த ஊட்டுக்கு இன்னாதான் வேணும்னு ஊட்டையேதான் கேக்கணும் போலகீது."

'ஒத்துவரவில்லை' என்பது எழுவாய் இல்லாத வாக்கியம். எது ஒத்துவரவில்லை என்று அவர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அன்று நானும் கேட்கத் தோன்றாமல், "எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை அம்மா. கட்டடம் உறுதியாக உள்ளதா என்பதை மட்டும் ஒரு பொறியாளரைக் கொண்டு பரிசோதிக்க விரும்புகிறேன்," என்றேன்.

"புஸ்தகத்தைத் தொறந்து வெச்சா மாதிரியே பேசறீங்களே அய்வாரே!" என்று அவர் சிரித்தார். "பாருங்க, பாருங்க. எங்க மாமனாரு கட்ன கல்லு ஊடு. ஆனை வந்து முதுகு சொறிஞ்சிக்கினு போனாலும் ஆடாது."

திருப்பதியிலிருந்து ஹரிபாபு என்னும் பொறியாளர் வந்தார். பழைய கட்டடங்களைச் சோதிப்பதே அவர் தொழில். தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் சாய்வை அளந்தார். சிறு சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பழைய பகுதியில் கல் கணீரென்றது. கன்னிகா திறந்த இரு வாசல்களுக்கும் மேலே தட்டியபோது மண்மூட்டையைத் தட்டினாற்போன்ற ஓசை வந்தது. ஹரிபாபு மூன்றுமுறை அதே இடத்தைத் தட்டினார். இரு வாசல்களுக்கும் இடையே ஒரு விரிசல் மேல்நோக்கி ஓடியது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித்துண்டு ஒன்றை ஒட்டினார். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் அசைந்தால் அது உடையும் என்றார்.

"சுவர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் பூஜைமாடத்தைப் பார்த்தார். பெருமாள் படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வெளிய போய் மாட்லாடுவோம் சார்," என்றார்.

தெருவில், காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். "ரெண்டு பக்கம் கல்லு சார், நடுவுல சல்லியும் மண்ணும். விரிசல் பழசு, வாசல் தொறக்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. மேல கூரை மொத்தம் கல்பலகை. பழைய வாசலுக்கெல்லாம் தலைக்கு மேல கல் உத்தரம் இருக்கு. இந்தப் புது வாசலுக்கு வெறும் மர ஃப்ரேம். வெயிட்டு யாரு தாங்கறது? இப்போதைக்கு நிக்குது, அவ்ளோதான். மழை எறங்கி உள்ள மண்ணு கரைஞ்சா கேரண்டி இல்ல. முட்டுக் கொடுத்துட்டு, ரெண்டு வாசலையும் கல்லாலயே அடைக்கணும். கண்ணாடி உடைஞ்சிதுன்னா அப்புறம் மனுஷங்க அங்க படுக்கவே கூடாது."

"இதை உள்ளேயே அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாமே!"

"விளக்கு எரியுது சார். எரியற விளக்கு முன்னாடி நின்னுக்கினு வீடு விழும்னு சொல்ல வாய் வருமா? என்னைக் கூப்பிட்டது நீங்க. உங்களுக்குச் சொல்லிட்டேன்."

இரு வாரம் கழித்து நான் சித்தூருக்குப் போனேன். சுவரில் கண்ணாடி இல்லை.

"அதுவா? உடைஞ்சிகினு இருந்துச்சி," என்றார் கன்னிகா. "உடைஞ்ச கண்ணாடிய ஊட்ல வெக்கலாமா? தரித்திரம். உரிச்சிக் குப்பைல போட்டுட்டேன்."

"எப்படி உடைந்தது?"

"பல்லி கில்லி ஓடியிருக்கும்."

அன்றும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அதன் முன் நின்று சொன்னேன். அம்மா, கண்ணாடியை உடைத்தது சுவர். சுவர் அசைகிறது. இன்றைக்கே படுக்கையை அச்சுவரை விட்டு முன்னறையின் தெருக்கதவோரத்துக்கு மாற்றுங்கள். நானே வீட்டை வாங்கி, முட்டுக் கொடுத்து, வாசல்களை அடைத்துப் பழுது பார்க்கிறேன். உங்கள் பின்னறை உங்களுக்குத்தான். இவ்வளவையும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க நல்லவரு அய்வாரே. வாஸ்து சரியில்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ல உங்களுக்கு மனசு வரல. அதான் செவுரு மேல பழி போடறீங்க."

"இல்லை அம்மா. நான் சொல்வது உண்மை."

"மூணு பேரு வந்தாங்க. எல்லாம் படிச்சவங்க. கூடவே இஞ்சினீரைக் கூட்டியாந்தாங்க. தட்டிப் பாத்தாங்க, தடவிப் பாத்தாங்க. செவுத்தப் பத்தி ஒரு வார்த்தை? ஒருத்தராவது? வாஸ்துன்னுதானே மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க? செவுரு போவுதுன்னா சொல்லாமலா போவாங்க, மனுஷங்கதானே?"

முட்டுக் கொடுக்க மட்டுமாவது விடுங்கள் என்று கேட்டேன்.

"முட்டு வெச்ச ஊட்டை அப்புறம் எவன் வாங்குவான்? தெருவே சிரிக்கும்," என்றார். "இப்போதைக்கு உங்களுக்கு வாணாம். நீங்களும் தனி ஆளு. ஒத்துக்காத ஊட்ல வந்து மாட்டிக்காதீங்க. ஐப்பசி பொறக்கட்டும். ஆளைக் கூப்பிட்டு அதே செவுத்துல மூணாவது வாசல் தொறந்துட்றேன். எல்லாம் சரியாப் பூடும். அப்பால வாங்க, உங்களுக்கே தரேன்."

எனக்காகத்தான் அவர் அந்த வாசலைத் திறக்கப்போகிறார்.

அங்கிருந்து நேரே ரங்கையாவிடம் போனேன். பேருந்து நிலையத்தருகே ஒரு செல்பேசிக் கடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். "அந்த மூவரும் சுவரைப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"பாக்காம? அந்த வேலூர் பார்ட்டியோட இஞ்சினீரு பாதியிலயே வெளிய ஓடியாந்துட்டாரு சாரு!"

"பிறகு ஏன் வாஸ்து என்றார்கள்?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "ஒரு மரியாதைதான் சாரு. ஒண்டியா ஒரு பொம்பளை இருக்கற ஊட்ல, காபி துன்னுட்டு... அதாவது குடிச்சிட்டு, உன் ஊடு இடியும்னு சொல்வாங்களா? வாஸ்துன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நானேதான் சொல்லிக் கொடுத்தேன், அப்படிச் சொல்லிட்டு கம்முனு வந்துடுங்கன்னு."

"அந்த மரியாதையால்தான் அவர் இரண்டு முறை சுவரை உடைத்திருக்கிறார்!"

"அது எனக்குத் தோணல சாரு," என்றார் ரங்கையா. என்னோடு வந்து அவரிடம் இதைச் சொல்லுமாறு கேட்டேன். வர மறுத்தார். அம்மூவரின் பெயர்களைக் கேட்டேன். பெயரைக் கொடுத்தால் தம் பிழைப்பு போய்விடும் என்றார். ஒருவர் வேலூர், ஒருவர் பலமனேர், ஒருவர் திருப்பதி; அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

நான் செய்யாத முயற்சி இல்லை. சென்னையிலுள்ள கன்னிகாவின் மகள் ஹரிப்ரியாவிடம் தொலைபேசியில் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அங்கிள், எவ்ளோ கொறைக்கணும்னு எதிர்பாக்கறீங்க?" என்றாள். மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனேன்.

"மீ வீடா, உங்களுதா?" என்றார் அங்கிருந்தவர்.

"அல்ல."

"வாங்கிட்டீங்களா?"

"இல்லை."

"உங்க சொந்தக்காரங்களா?"

"இல்லை."

"மரி?" என்றார். அப்படியானால் உமக்கு என்ன என்பது அதன் பொருள். மனுவோடு திரும்பினேன்.

ஹரிபாபுவை மறுபடி அழைத்தேன். கேட்காதவர்களிடம் போய்ச் சொன்னால் நாளைக்குத் தம்மேலேயே பேச்சு வரும் என்று வருந்தினார். வருந்தியது உண்மை, வராததும் உண்மை.

பிரம்மோற்சவத்தால் ஊர் நிரம்பி வழிகிறது. என் அடுக்ககத்தில் எல்லா வீடுகளிலும் விருந்தினர்கள். கோவிந்தா என்னும் குரல் படிக்கட்டெங்கும் ஏறி இறங்குகிறது. என் கதவை யாரும் தட்டவில்லை. சமையலறையில் டம்ளரை வைத்தால் அந்த ஓசை ஒன்றே எனக்குக் கேட்கிறது. அது என் டம்ளர். தெற்கு வானில் மேகம் திரளும்போதெல்லாம் கன்னிகாவை அழைக்கிறேன். "இன்னும் நின்னுகினுதான்கீது அய்வாரே, சாப்டீங்களா?" என்கிறார். முன்னறைக்குப் படுக்கையை மாற்றினாரா என்று கேட்டால் சிரிக்கிறார்.

என் ஒரு குரலை அவர் நம்பமாட்டார். அதில் தவறில்லை. மூவர் சொன்னதை ஒருவன் மறுத்தால், யாராயினும் மூவரையே நம்புவார்கள். ஆகவே அந்த மூவரே வர வேண்டும்.

இதை வாசிக்கும் நீங்கள் அம்மூவரில் ஒருவரா? வேலூரா, பலமனேரா, அல்லது இதே திருப்பதியில் என் தெருவிலேயே இருப்பவரா? அந்த வீட்டின் காபியைக் குடித்தீர்கள். அந்த விரிசலைப் பார்த்தீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சித்தூருக்குப் பேருந்து ஏறுங்கள். ஏரிக்குப் பின்புறத் தெருவில் கல்வீடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். உள்ளே போங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் முன் நின்று, "வாஸ்து என்று நான் சொன்னது பொய், நான் சுவரைப் பார்த்துத்தான் போனேன்" என்று அவரிடம் சொல்லுங்கள்.