அளக்க வந்தவனுக்கு ஒரு தட்டு

காமினி கூடத்துத் தரையில் அட்டையை விரித்துப்போட்டு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப்பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. அவள் வகுப்புக்கு எகிப்து. படத்தில் ஒரு கோதுமை வயல், அதில் ஆட்கள் முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் கையில் தட்டோடு நின்றார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்லறைச் சித்திரமாம், பார்த்து வரைகிறாள்.

"இவங்க ரெண்டு பேரும் யாரு?" என்று கேட்டான் அவள் கணவன் யுகேந்திரன்.

"வயலுக்காரங்க. அறுப்புக்கு முந்தியே வந்து அளந்து, இவ்வளவு விளையும், இவ்வளவு வரின்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அளக்க வந்தவங்களுக்குச் சாப்பாடு கொண்டு வர்றாங்க." தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உங்க வேலைதான் லா. அப்பவே இருந்திருக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் படத்திலிருந்த தட்டிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

யுகேந்திரனுக்கு வீட்டு வரிக்காக வீடுகளை அளக்கும் வேலை. கூட ஆள் வராத நாட்களில் வீட்டுக்காரரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஜெலுத்தோங் பகுதியில் ஒரு வரிசை வீடுகளை அளந்தான். அதில் காமினியின் அண்ணன் புவனேஸ்வரன் வீடும் ஒன்று. மனிதர் யாரிடமும் அனுமதி கேட்காமல் பின்னால் ஒரு மாடியே எழுப்பியிருந்தார். "நம்ம வீடுதானே மாப்ள, பாத்துக்க" என்று தோளில் தட்டினார். மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டான், பழைய அளவையே எழுதினான். வரிசை முழுக்க ஒரு வீட்டிலும் எதுவும் கூடவில்லை என்றால் மேலதிகாரி சந்தேகப்படுவார். அந்தப் பயத்தோடுதான் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தான்.

அது குமுதா அக்காவின் வீடு. புருஷன் போன பிறகு இடியாப்பம் விற்றுப் பிழைக்கிறவள். பின்பக்கம் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டு, அதன் கீழே அடுப்பு வைத்திருந்தாள். சுவர் கிடையாது. திறந்த கொட்டகை என்று எழுதியிருந்தால் வரி பெரிதாக ஏறாது. கணக்கில் ஒரு கூடுதல் காட்டவேண்டி அவன் அடைத்த சமையலறை என்று எழுதினான். "நேரா இருக்கா தம்பி?" என்று கேட்டுக் கேட்டு டேப்பைப் பிடித்தவள் அவள்தான். முடிந்ததும் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி ஒரு தட்டு இடியாப்பம் கொடுத்தாள். வெட்கமில்லாமல் அதையும் தின்றுவிட்டு வந்தான்.

காமினியிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். அவள் அண்ணன் பெயரும் சேர்ந்து வெளியே வரும். மென்று விழுங்கிவிட்டான்.

மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங் போனான். இந்நேரம் வரி நோட்டீஸ் வந்திருக்கும். அக்காவை ஆட்சேபணை கொடுக்கச் சொல்ல வேண்டும். வேறு ஆள் வந்து மறுபடி அளப்பான், கொட்டகை கொட்டகையாகவே பதிவாகும். அப்படியே பக்கத்து வீட்டில் மச்சான் எழுப்பிய மாடியும் அவன் கண்ணில் படும். பட்டால் படட்டும் என்று வழிநெடுக மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

குமுதா அக்கா பின்பக்கம் இருந்தாள். கம்பங்களைக் காணோம். தகரங்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. வெட்டவெளியில் ஒரு பெரிய குடையைக் கட்டி, அதன் கீழே இடியாப்பம் வெந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"வரி ஏறிருச்சுன்னு நோட்டீஸ் வந்துச்சு தம்பி. நம்மால கட்ட முடியாது லா. அதான் பிரிச்சுப் போட்டுட்டேன். இனிமே குறைச்சிருவாங்கதானே?"

"ஆட்சேபணை கொடுத்திருக்கலாமேக்கா. ஒருவேளை தப்பா எழுதியிருந்தா..."

"நீ அளந்தது எப்படிப்பா தப்பாகும்? நான்தானே அந்தப் பக்கம் பிடிச்சிருந்தேன்."

"அக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு மாடியில் ஏர்கான் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் தகரத்தில் விழுந்துகொண்டிருந்த அதன் தண்ணீர், இப்போது நேராக அடுப்போரம் சொட்டியது. குமுதா அக்கா மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடையை ஒரு சாண் அந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, "என்ன தம்பி சொன்னே?" என்றாள்.