மாமனாரின் பின்சக்கரம்

மனித குலத்தின் வீழ்ச்சிக்கு மூல காரணம் சந்தேகமே என்பது பலராமனின் கண்டுபிடிப்பு. அன்று காலையில்கூட அதை மனைவி செல்வாம்பாளுக்கு விளக்கிவிட்டுத்தான் கிளம்பினான். அவள், தன் அரிசிமாவில் மில்லுக்காரன் அடுத்தவள் கேழ்வரகைக் கலந்துவிடுவான் என்று மாவு மில்லில் மிஷின் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பவள்.

"மாவுத் தூக்க மடியில வச்சிக்கினு காவல் காக்கறியே, மில்லுக்காரன் என்னா நெனப்பான்? நம்பணும். நம்பிக்கதான் நாகரிகம்."

"அந்த நாகரிகத்த எங்கப்பா வண்டிகிட்ட காட்டாதீங்க. பாத்து ஓட்டுங்க."

மாமனார் தெய்வசிகாமணி சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு கப்பலில் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் அது. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு அதைத் துடைக்கும் உரிமை மட்டும் இருந்தது. அன்றுதான் ஓட்டக் கொடுத்திருந்தார். கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வந்தால் இனி ஞாயிறுதோறும் வண்டி அவனுக்கு, இல்லையென்றால் பழையபடி துடைக்கும் துணிதான்.

ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் பின்சக்கரம் சப்பென்று உட்கார்ந்துவிட்டது.

விழுப்புரம் சாலையோரக் கொட்டகையில் பஞ்சர் ஒட்டும் மிக்கேல், யாரையும் ஐயா என்னாமல் பிரெஞ்சில் 'முசே' என்பவன், டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவினான். உதட்டைப் பிதுக்கினான்.

"டியூப ஒட்டிடலாம் முசே. டயருதான் உள்ள நூலு விட்டிருக்கு. மாத்திடுங்க, எங்கிட்ட வேற ரகத்துல புதுசு கெடக்கு."

"ஒட்டிப் போட்டா ஓடாதா?"

"ஓடும். எவ்ளோ தூரம்னு மாதாவுக்குத்தான் தெரியும்."

மாற்றிவிடலாம் என்று பலராமன் பெருந்தன்மையோடு தலையாட்டினான். அப்போது மிக்கேல், "பழச இங்கியே போட்டுடுங்க, வெலையில கொறச்சிக்கலாம்" என்றான்.

செத்த டயர் இவனுக்கு எதற்கு? பிரெஞ்சுக்காரன் போனபின் இந்த ரகம் ஊருக்குள் வருவதில்லையே. பலராமனும் கைவிட்டுப் பார்த்தான். நூல் நெருடியது. ஆனால் நல்ல டயர் உள்ளே எப்படி நெருடும் என்று அவன் பிறந்ததிலிருந்து தடவிப் பார்த்ததில்லை. மாற்றினால், "என் டயரு எங்க மாப்ள?" என்று மாமனார் வாசலிலேயே கேட்பார். ஒட்டினால், வழியில் வெடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

"ஒட்டியே குடுத்துடு" என்றான்.

"சரி முசே. வெயில்ல நிக்காதீங்க. எதிர்ல போயி டீ சாப்புட்டு வாங்க."

நம்பிக்கையோடு போனான். முதல் வாய் டீ உள்ளே இறங்குமுன், தன்னை ஏன் அனுப்பினான் என்ற கேள்வி மேலே வந்தது. எட்டிப் பார்த்தால், மிக்கேல் டயரைக் கொட்டகையின் பின்பக்கம் உருட்டிக்கொண்டிருந்தான்.

பலராமன் கிளாசோடு சாலையைக் கடந்தான்.

"அத ஏன் அங்க கொண்டுபோற?"

"நெழலுக்கு முசே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் சொல்லலியே."

வேட்டியை மடித்து, டயருக்குப் பக்கத்தில், அதன் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு குந்தினான். டியூபில் ஒட்டு காய்ந்தது. கிளாசில் டீ ஆறி ஆடை படிந்தது. மிக்கேல் டியூபைத் திணித்து, நெம்புகோலை எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

"முசே, கைய எடுத்தா மாட்டிடலாம்."

"நீ மாட்டு."

நெம்புகோல் விளிம்போடு ஊர்ந்து வந்து, பலராமனின் ஐந்து விரல்களுக்கு முன்னால் நின்றது.