ஓட்டிப் பார்த்த வண்டி

"எறக்கு. இன்னொருக்கா ஏறிப் பாக்கறேன்," என்றார் அறிவழகன்.

அப்போதுதான் அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி, வண்டியின் நடு சீட்டில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்திருந்தாள் நிர்மலாதேவி. இடுப்புக்கு மேலே நரம்பு சுண்டி இழுத்தது. மறுபேச்சுப் பேசாமல் புருஷனின் அக்குளில் கை கொடுத்து இறக்கினாள். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். இந்தத் தடவை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அவரே எட்டிப் பிடித்துக்கொண்டார். சீட்டின் விளிம்பில் உட்கார்ந்ததும் லேசாக ஒரு தள்ளு, அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

"ம். ஒக்கார்ற உயரம் சரியா இருக்குது," என்று தீர்ப்புச் சொன்னார்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரமாக இருந்தது அந்த ஷோரூம். வாசலில் அவர்களுடைய சின்னக் கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. தரையோடு தரையாக இருக்கும் கார் அது. அதிலிருந்து அவரை வெளியே எடுப்பது கிணற்றுக்குள்ளிருந்து நிறைகுடத்தை இழுக்கிற மாதிரிதான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திய பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஏரியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தருமபுரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டி வருகிறாள். ஓட்டுவதும் அவள்தான். கல்யாணமானதிலிருந்து பக்கத்து சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவள், அவருடைய கால் வீங்கி பிரேக்கை மிதிக்க முடியாமல் போனதும் பென்னாகரத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள்.

உயரமான பெரிய வண்டியாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி பெங்களூரிலிருந்து மகள் மணிமேகலை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அறிவழகன் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாங்கவும் விடவில்லை. விதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முளைத்துக் காட்டாத எதையும் நம்புகிற சுபாவம் கிடையாது. கிணற்று மோட்டாரோ, மகளுக்கு வந்த மாப்பிள்ளையோ, எல்லாரும் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்வரை விசாரித்துக்கொண்டிருப்பார். வண்டிக்கும் அப்படித்தான். ஒரு கடையில் கதவு அகலமாகத் திறக்கவில்லை என்றார். இன்னொன்றில் கடைசி வரிசை சீட்டை மடக்காமல் சக்கர நாற்காலி போகாது என்றார். சேலத்தில் பார்த்த வண்டியில் எல்லாமே சரியாக இருந்தது. முன்பக்கம் யானை மத்தகம் மாதிரி தூக்கிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு ரோடு தெரியாது என்று திரும்பி வந்துவிட்டார். ஒவ்வொரு கடையிலும் அவரை இறக்கி ஏற்றியவள் நிர்மலாதேவி. ஏதோ ஒரு வண்டி, நான்கு சக்கரம் இருந்தால் போதும் என்கிற நிலைக்கு அவள் வந்து வெகுநாளாகிவிட்டது.

விற்பனையாளர் அப்துல் ஷுக்கூர் நாற்பதைத் தாண்டியவர். தருமபுரிக்காரர். அவசரப்படுத்தாதவர். நாற்காலியை அவரே மடக்கிப் பின்னால் வைத்துக் காட்டினார். நடு சீட்டை எவ்வளவு தூரம் சாய்க்கலாம், பின்னால் இருப்பவர்களுக்குத் தனியாக ஏசி காற்று எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் அறிவழகனிடம் பொறுமையாக விளக்கினார்.

"எனக்கு எதுக்குங்க பாய் இதெல்லாம்? முன்னாடி போயி அவளுக்குச் சொல்லுங்க. அவதான் ஓட்டப்போறா," என்றார் அறிவழகன்.

ஷுக்கூர் சங்கடப்பட்டுச் சிரித்துக்கொண்டே முன்பக்கம் வந்தார். நிர்மலாதேவி ஏறி உட்கார்ந்தாள். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. இடது காலுக்கு வேலையில்லை என்றார் ஷுக்கூர். சீட்டை எப்படி உயர்த்துவது, ஸ்டியரிங்கை எப்படி இறக்கிக்கொள்வது என்று காட்டினார்.

"கால் எட்டுதா?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"எட்டுதுங்க."

"பானெட்டு முனை தெரியுதா?"

"தெரியுது."

"சும்மா தலையாட்டாத. ரெண்டு முனையும் தெரியுதா?"

"தெரியுதுன்னு சொல்றேனில்லங்க!"

குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஷுக்கூர் சீட் பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். வண்டி ஷோரூமை விட்டு இறங்கி, நெடுஞ்சாலையில் சேலம் பக்கமாகத் திரும்பியது. ஸ்டியரிங் கனமாக இருக்கிறதா என்று அறிவழகன் கேட்டார். லாரி ஒன்று ஹாரனடித்துக்கொண்டு தாண்டிப் போனது. கேட்காததுபோல் இருந்துவிட்டாள்.

உண்மையில் ஸ்டியரிங் கனமாகவே இல்லை. ஒரு விரலால் திருப்பலாம் போலிருந்தது. உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் ரோடு நெடுந்தூரத்துக்குத் தெரிந்தது. சின்னக் காரில் போகும்போது லாரியின் சக்கரம்தான் காதுக்குப் பக்கத்தில் சுற்றும். இப்போது லாரி டிரைவரின் முகம் தெரிந்தது. வெளியே இருந்த இரைச்சல் எதுவும் உள்ளே வரவில்லை.

பின்னாலிருந்தும் கேள்வி வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். அறிவழகன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அப்படித்தான், உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கிவிடும். தூங்கட்டும் என்று நினைத்தாள். அவர் தூங்கினால்தான் அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு.

நல்லம்பள்ளியில் திரும்பிவிடலாம் என்று ஷுக்கூர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த இடம் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் தூரம் போலாமா தம்பி?" என்று கேட்டாள்.

"போங்க மேடம். அவசரமில்ல."

யாரும் தண்ணீர் கேட்கவில்லை. மாத்திரை கேட்கவில்லை. தலையணையை நகர்த்தச் சொல்லவில்லை. அவள் கால் தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தியது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எத்தனை மாதத்துக்குப் பிறகு தோள் இரண்டும் கீழே இறங்கியிருக்கின்றன என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. இப்படியே தொப்பூர் கணவாய் இறங்கி, சேலத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

ஷுக்கூர் ஏதோ ஒரு வசதியைக் காட்டுவதற்காகப் பின்னால் திரும்பினார். "அந்த சீட்டுக்குக் கீழ ஒரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமென்று பேச்சை நிறுத்திவிட்டார் என்று நினைத்தாள் அவள். நல்ல மனுஷன் என்றுகூடத் தோன்றியது.

"மேடம், எடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்குங்க. பின்னாடி லாரி வருது, அது போயிரட்டும். அப்பறம் மெதுவா சர்வீஸ் ரோட்ல எறங்கிரலாம்."

லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று போனது. அவர் சொன்னபடியே மெதுவாக இறக்கி, பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டுருங்க," என்றார் ஷுக்கூர். போட்டாள். அவர் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, அறிவழகனின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் பார்த்தார்.

"அக்கா. கொஞ்சம் எறங்கி வாங்க."

அறிவழகனின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. முதலில் அதைச் சரியாக எடுத்து மாட்டினாள். "ஏங்க," என்றாள். கன்னத்தைத் தட்டினாள். கன்னம் சூடாகத்தான் இருந்தது. அப்புறம் அவருடைய இடது கையை எடுத்தாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக முன்கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு திரித்த மாதிரி புடைத்திருக்கும். அதன்மேல் விரல் வைத்தால், தீப்பெட்டிக்குள் வண்டை அடைத்து வைத்ததுபோல் இடைவிடாமல் ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிடாமல் இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். இன்று காலையிலும் இருந்தது.

விரலை வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையால் மூடிப் பிடித்துப் பார்த்தாள்.

பிறகு ஷுக்கூர்தான் வண்டியை எடுத்தார். நல்லம்பள்ளிக்குத் திரும்பி, முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில் நிறுத்தினார். டாக்டர் வெளியே வந்து, வண்டியில் வைத்தே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இப்படித் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோவதுண்டு, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். அவள் தலையாட்டினாள்.

ஷுக்கூர் தூரத்தில் ஒரு வேப்பமர நிழலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டது. நடுவில் ஒருமுறை வண்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். விற்பனைக்குக் காட்டுகிற வண்டி, நாளைக்கு வேறு யாராவது குழந்தை குட்டியோடு வந்து இதே சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆம்புலன்ஸ் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வூட்டுக்குப் போயிரலாங்க்கா. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிக்கிட்டு வாங்க," என்றார். என்ன பேசினார், யார் என்ன சொன்னார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

அவள் பின்னால் உட்கார்ந்து அவருடைய தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தருமபுரியைத் தாண்டி, இண்டூர் வழியாக வண்டி போனது. வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் ஷுக்கூர் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே ஏற்றி இறக்கினார். அப்படியும் ஒரு குழியில் சக்கரம் இறங்கிவிட்டது. சின்னக் காராக இருந்திருந்தால் அவருடைய தலை போய்க் கண்ணாடியில் இடித்திருக்கும். இதில் உடம்பு அசையவே இல்லை. பள்ளம் மேடு தெரியவில்லை, நல்ல வண்டிதான் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம் வந்தது. கண்ணை மூடினால் தூங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"எப்ப தம்பி பாத்தீங்க?" என்று கேட்டாள்.

ஷுக்கூர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "திரும்புனப்பவேங்க்கா. ரெண்டு பக்கமும் லாரி. அப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. சொல்லியிருக்கணுமோ என்னமோ."

"சொல்லியிருந்தா அங்கயே பிரேக்கை அழுத்தியிருப்பேன்," என்றாள்.



பென்னாகரம் வரும்போது மணிமேகலை கூப்பிட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்னம்மா, வண்டியப் பாத்தீங்களா? எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்பா ஒத்துக்கிட்டாரா? இல்ல இதுலயும் ஏதாச்சும் கொற கண்டுபுடிச்சாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"அதிசயமா இருக்குது. போனைக் குடு, பேசறேன்."

நிர்மலாதேவி வெளியே பார்த்தாள். சந்தைக்குப் போகிற ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"நீ கெளம்பி வா, மணி."

"ஏம்மா? அப்பாவுக்கு என்ன?"

"தனியா வராத. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. வேகமா ஓட்ட வேணாம்னு சொல்லு."

போனில் அழுகை கேட்டது. அது அடங்குகிற வரைக்கும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மணிமேகலை போன் செய்து, ஊருக்குள் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அறிவழகனின் அக்கா சின்னம்மாள் தலைமுடி அவிழ ஓடிவந்து வண்டியின் கதவில் அறைந்தாள். "பெரிய வண்டியில வர்றேன்னு சொல்லிட்டுப் போனியேடா தம்பி, இப்பிடியா வருவ," என்று ஓங்கி அழுதாள். கதவைத் திறந்ததும் அவளால் ஏறிப் பார்க்க முடியவில்லை. யாரோ கை கொடுத்து அப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இறக்குவதற்கு ஷுக்கூரும் ஒரு கை போட்டார். அதற்கு முன்னால் வண்டிச் சாவியை நிர்மலாதேவியிடம் கொடுத்தார். கூடத்தில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து நிர்மலாதேவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளை அழச் சொன்னார்கள். அழுதுவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே என்றார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று மாற்றாமல் விட்ட தலையணை உறை கட்டிலில் அப்படியே கிடந்தது. நாளைக்கு டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தபோது, எழுந்து எங்கே போவது என்று தெரியாதவள் மாதிரி கையைப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. பிரீசர் பெட்டி ஏற்றி வந்த வேன் சந்தில் நின்றுவிட்டது. முன்னால் நிற்கிற பெரிய வண்டியை எடுத்தால்தான் உள்ளே வர முடியும். வண்டி யாருது, சாவி எங்கே என்று குரல்கள் கேட்டன. ஷுக்கூரை யாரோ கைகால் கழுவத் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வாலிபன் ஒருவன் உள்ளே வந்து சாவியைக் கேட்டான்.

"அது கியர் இல்லாத வண்டி. உனக்குப் பழக்கமிருக்காது," என்று எழுந்தாள் நிர்மலாதேவி.

"இப்ப நீ எதுக்கும்மா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதற்குள் படியிறங்கிவிட்டாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

ஏறி உட்கார்ந்தாள். சீட் ஷுக்கூருக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளியிருந்தது, முன்னால் இழுத்துக்கொண்டாள். பெல்ட்டைப் போட்டாள். சந்தை விட்டு வாசல் பக்கம் ஒதுக்குவதற்காக ரிவர்ஸில் போட்டதும் முன்னாலிருந்த திரையில் வண்டியின் பின்பக்கம் முழுவதும் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பந்தல்கால் நட யாரோ தோண்டிவைத்த குழி, குழியைச் சுற்றி ஈரமண். எல்லாவற்றுக்கும் குறுக்கே பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள். அவள் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கோடுகளும் வளைந்தன.

அந்தக் கோடுகளுக்கு நடுவில் சின்னம்மாள் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தை நீட்டி இடது சக்கரத்தையும் குழியையும் பார்த்தாள். ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டே, ஒரு கையை உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள்.

"வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..."